வளரும் உடம்புக்கு லெதர் ஜாக்கெட்: 38, 40, 42 ஆகியவற்றில் எதை எடுப்பது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 24, உயரம் 5 அடி 8 அங்குலம். ஐந்து மாதமாகப் பளு தூக்கிப் பயிற்சி செய்கிறீர்கள்; இந்த ஐந்து மாதத்தில் எடை 66 கிலோவிலிருந்து 69 கிலோவுக்கும், மார்புச் சுற்றளவு 36½ அங்குலத்திலிருந்து 37½ அங்குலத்துக்கும் ஏறியிருக்கின்றன. பேரணாம்பட்டிலிருந்து மலைப்பாதை ஏறி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் வி.கோட்டாவுக்கு நாள்தோறும் பைக்கில் வேலைக்குப் போய்வருவதால், மார்கழிக் குளிர் தொடங்குவதற்குள் உடம்போடு ஒட்டி நிற்கும் லெதர் ஜாக்கெட் ஒன்று வேண்டும். கடையில் போட்டுப் பார்த்தபோது 38-இல் ஜிப் ஏறியது, ஆனால் கையை முன்னால் நீட்டினால் முதுகு இழுத்தது. 40-இல் முதுகு சரியாக இருந்தது, ஆனால் வயிற்றுப் பக்கம் தொளதொளத்தது. கடைக்காரரோ, "உடம்பு ஏறிக்கொண்டே போகும், 42 எடுத்துவிடுங்கள்" என்றார். மூன்றில் எது என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன என்று நினைக்கிறேன். வரும் ஓராண்டில் உங்கள் உடம்பு எந்த இடத்தில், எவ்வளவு பெருக்கும் என்பது ஒன்று. அப்படிப் பெருத்தால் ஜாக்கெட்டின் எந்தப் பகுதி இடம் கொடுக்கும், எந்தப் பகுதி கொடுக்காது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியைத்தான் வாங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

நான் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் ஆடைக்கூடங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பேட்டர்ன் போட்டு வெட்டியவன். இப்போது தனியாக அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கிறேன். ஆகவே தோலைப் பற்றியும் வெட்டைப் பற்றியும் இங்கே சொல்பவற்றை உறுதியாகச் சொல்கிறேன். உடம்பின் வளர்ச்சியைப் பற்றிச் சொல்பவற்றுள் சில, இஞ்ச் டேப்பின் வழியாக நான் பார்த்துத் தெரிந்துகொண்டவை. நான் மருத்துவரோ பயிற்சியாளரோ அல்லன். உங்களை நேரில் நிற்க வைத்துப் பார்க்காமல் சொல்லும் பதில் என்பதையும் நினைவில் வையுங்கள். தோள் சரிவும் முதுகு வளைவும் எண்களில் முழுமையாக வருவதில்லை. இந்த வரம்புகளுக்குள் நின்று சொல்வதானால், நீங்கள் எடுக்க வேண்டியது 40. 42 வேண்டவே வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன், அவை உங்களுக்குச் சரியாகப் படாவிட்டால் எண்ணையும் ஏற்க வேண்டியதில்லை.

உடம்பிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வயதில் தோளெலும்பின் அகலம் இனி மாறாது. எவ்வளவு பளு தூக்கினாலும் எலும்பு விரிந்து கொடுக்காது. தோளின் மேல் உருண்டு நிற்கும் தசை தடிக்கும், கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசை உயரும், கக்கத்துக்குக் கீழே முதுகின் இருபுறமும் விரியும் தசை, ஜிம்மில் லாட்ஸ் என்று சொல்வார்களே, அது அகலும், மேற்கை பருக்கும். முன்மார்பும் வளரும்தான்; ஆனால் முதுகுக்கு வேலை கொடுக்கும் புல்-அப், டெட்லிஃப்ட், ரோயிங் ஆகிய பயிற்சிகளை ஒழுங்காகச் செய்கிறவர்களிடம் நான் அளந்து பார்த்த வரையில், மார்புச் சுற்றளவில் கூடும் அங்குலங்களில் பெரும்பங்கு முதுகுப் பக்கத்திலிருந்தே வருகிறது. பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் வேகமாகக் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கப் பழகிக்கொள்வதால் வருவது. அந்தக் காலத்தில் தூக்கும் எடை இரட்டித்தால்கூட உடம்பின் அளவு அதே வேகத்தில் கூடுவதில்லை. பலமும் பருமனும் ஒன்றல்ல என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. வேலூரைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்றது ஒரே 77 கிலோ பிரிவில்தான். நான்கு ஆண்டு இடைவெளியிலும் அவர் அதே எடை வரம்புக்குள் நின்றிருக்கிறார். பளு தூக்குகிறவர் ஆண்டுக்கு ஓர் அளவு ஏறிக்கொண்டே போவார் என்று கடைக்காரர் நினைப்பது தவறு. ஏறுவதும் ஏறாததும் நீங்கள் எதற்காகப் பயிற்சி செய்கிறீர்கள், எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தவை.

எவ்வளவு ஏறும் என்பது உறுதியில்லாத பகுதி. ஐந்து மாதத்தில் ஓர் அங்குலம் என்ற உங்கள் கணக்கை அப்படியே நீட்டி, இன்னும் ஓராண்டில் இரண்டரை அங்குலம் என்று போட்டுவிடாதீர்கள். புதிதாகத் தொடங்கியவருக்கு வரும் வேகம் நீடிப்பதில்லை. மாதங்கள் போகப்போகக் குறையும். ஆளுக்கு ஆள் வேறுபாடும் மிகப் பெரியது. உங்கள் எண்களை வைத்து நான் போடும் மதிப்பீடு, அடுத்த குளிர்காலத்துக்குள் மார்பில் ஒன்று முதல் இரண்டு அங்குலம், அதாவது 38½ முதல் 39½ வரை. இது மதிப்பீடுதான், வாக்குறுதி அன்று. சுற்றளவு என்பது கண்ணை ஏமாற்றும் அளவு என்பதையும் சொல்ல வேண்டும். சுற்றளவில் இரண்டு அங்குலம் கூடுவதற்கு உடம்பைச் சுற்றிலும் 8 மில்லிமீட்டர் தடித்தால் போதும். அதே கணக்கின்படி, 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஸ்வெட்டர் ஒன்றை உள்ளே போட்டால் ஜாக்கெட்டின் உள்ளிடத்தில் ஓர் அங்குலம் போய்விடும். ஓராண்டு உழைத்துச் சேர்க்கும் சதை கேட்கும் இடத்தையும், ஒரு கம்பளி பனியன் கேட்கும் இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கடையில் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கும்போது உள்ளே என்ன உடுத்தியிருந்தீர்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்று புரியும். மெல்லிய டி-சர்ட்டோடு போட்டுப் பார்த்திருந்தால், குளிருக்கு உள்ளே போடப்போவதைப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஒரு முறை பாருங்கள்.

இந்த இடத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தனியாகத் தைக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், உங்களைப் போலவே பயிற்சியில் இருந்த இளைஞர் ஒருவர் வந்தார். வளரும் உடம்பு என்பதால் முன்பக்கத் துண்டுகள் இரண்டிலும் ஒவ்வோர் அங்குலம் கூட்டி வெட்டினேன். முதுகுத் துண்டைத் தொடவில்லை. பதினான்கு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது, முன்பக்கம் இன்னும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் கைக்குழியின், அதாவது உடல்பகுதியோடு கை சேரும் வளைவின், தையல் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. மொத்தச் சுற்றளவு நான் கணித்தபடியேதான் கூடியிருந்தது. ஆனால் கூடிய இடம் முதுகு. நல்ல ஆட்டுத்தோல் வீணானது எனக்கு இன்னும் வருத்தம். அன்று முதல் பயிற்சியில் இருப்பவர்களுக்கு மார்பை மட்டும் அளப்பதை விட்டுவிட்டேன். முதுகின் அகலத்தைத் தனியாக, கைகள் தொங்கும் நிலையில் ஒரு முறையும், பைக்கின் ஹேண்டிலைப் பிடிப்பதுபோல் முன்னால் நீட்டிய நிலையில் ஒரு முறையும் அளக்கிறேன். இரண்டுக்கும் இடையே ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் வேறுபாடு வருகிறது. முதுகு விரிந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக வருகிறது. உங்களுக்கு 38 முதுகில் இழுத்ததன் காரணம் இதுவே. மார்பு பத்தாமல் போகவில்லை, முதுகு பத்தவில்லை.

இனி தோல். துணிக் கோட்டில் தையலைப் பிரித்து, உள்ளே மடித்து வைத்திருக்கும் மிச்சத்தை வெளியே விட்டால், பழைய தையல் இருந்த இடம் இஸ்திரி போட்டதும் ஏறக்குறைய மறைந்துவிடும். தோலில் ஊசி போன துளை, போனதுதான். அது ஒருநாளும் மூடாது. ஆகவே லெதர் ஜாக்கெட்டைச் சிறிதாக்க முடியும், தையலைப் பிரித்து விட்டுப் பெரிதாக்க முடியாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். "போடப் போட இளகிக்கொள்ளும்" என்று கடைகளில் சொல்வது பாதி உண்மை. தோல் இளகும்; ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இளகாது. முதுகுத்தண்டின் நீளவாக்கில் குறைவாகவும் குறுக்குவாக்கில் கூடுதலாகவும் கொடுக்கும். வயிற்றுப் பக்கத்துத் தோல் மிகுதியாக நீண்டு தொளதொளத்துவிடும் என்பதால், நல்ல கட்டிங் மாஸ்டர் அதை முதுகுக்கும் மார்புக்கும் எடுக்கமாட்டார். செம்மறித் தோல் வெள்ளாட்டுத் தோலைவிட நன்றாக இளகும். மாட்டுத்தோல் தடிப்பானது, மெல்லத்தான் பணியும். முழங்கையிலும் தோளின் பின்புறத்திலும் ஒரு குளிர்காலத்துக்குள் உங்கள் உடம்பின் வடிவத்தைத் தோல் வாங்கிக்கொள்வதைப் பார்க்கலாம். மார்புச் சுற்றளவில் அரை அங்குலத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு மேல் தோல் கொடுத்தாலும் லைனிங் கொடுக்காது. உள்ளே தைத்திருக்கும் பாலியெஸ்டர் துணிக்கு நீளும் தன்மை இல்லை. இறுக்கமான ஜாக்கெட்டில் முதலில் கிழிவது லைனிங்தான், அதுவும் பெரும்பாலும் கைக்குழியின் பின்பக்கத்தில். வாங்குவதற்கு முன் உள்பக்கத்தைப் புரட்டி, லைனிங்கின் முதுகு நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த மடிப்பு இல்லாத ஜாக்கெட்டை, வேறு எல்லாம் பிடித்திருந்தாலும், உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கைக்குழியைப் பற்றிச் சற்று நின்று சொல்கிறேன். ஏனென்றால் பயிற்சி செய்கிற எல்லோரும் தவறாகத் தேர்ந்தெடுப்பது இந்த இடத்தில்தான். கை பருத்திருக்கிறது, ஆகவே கைக்குழி பெரிதாகவும் தாழ்வாகவும் இருந்தால் வசதி என்று தோன்றும். நேர்மாறானது உண்மை. கைக்குழி தாழ்ந்திருந்தால், கையைத் தூக்கும்போது ஜாக்கெட்டின் பக்கவாட்டுப் பகுதி முழுவதும் கையோடு சேர்ந்து மேலே வருகிறது. இடுப்பு தெரிகிறது, காலர் காதுக்கு ஏறுகிறது. கைக்குழி கக்கத்தை நெருங்கி, ஆனால் வெட்டாமல் இருந்தால், கை தனியாக அசையும், உடல்பகுதி அசையாது நிற்கும். கடையில் இரண்டு கையையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். ஜாக்கெட்டின் கீழ்விளிம்பு இரண்டு விரல் அளவுக்கு மேல் ஏறினால் அந்த வெட்டு உங்களுக்கு ஆகாது, எண் எதுவாக இருந்தாலும். பருத்த மேற்கைக்குத் தேவை கையின் சுற்றளவில் இடம். மேற்கையை மடக்கி முறுக்கிய நிலையில் அளந்து, அதைவிட இரண்டு அங்குலமாவது ஜாக்கெட் கையின் சுற்றளவு கூடியிருக்க வேண்டும். முதுகில் கைக்குழியை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு வைத்த வகை கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். நின்றால் மூடிக்கொள்ளும், ஹேண்டிலைப் பிடித்தால் திறந்துகொள்ளும் அந்த மடிப்பு, வளரும் முதுகுக்கு இருக்கிற ஒரே நேர்மையான ஒதுக்கீடு.

அளவெடுப்பதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். காலையில், பயிற்சிக்கு முன் அளக்க வேண்டும். பயிற்சி முடித்த உடனே தசைகளில் இரத்தம் ஏறிப் புடைத்திருக்கும் நிலையில் எடுத்த அளவு சில மணி நேரத்தில் பொய்யாகிவிடும். இஞ்ச் டேப் கக்கத்தை ஒட்டி, பின்னால் தோள்பட்டைத் தட்டெலும்பின் மேல், தரைக்கு இணையாகச் செல்ல வேண்டும். நாமே அளந்தால் பின்னால் டேப் இறங்கிவிடும் என்பதால் வீட்டில் யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காமல், இயல்பாக நிற்க வேண்டும்.

இப்போது எண்களுக்கு வருவோம். நம் எல்லையோரத்தில் பாதி வாடிக்கையாளர்கள் தெலுங்கில்தான் பேசுவார்கள். "பிகுது" (இறுக்கம்) அல்லது "வதுலு" (தளர்வு) என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். தமிழில் வருபவர்களும் டைட், லூஸ் என்பதோடு நிறுத்துகிறார்கள். எந்த இடத்தில் இறுக்கம், எந்த இடத்தில் தொளதொளப்பு என்று கேட்டு வாங்குவதிலேயே என் பாதி வேலை கழிகிறது. நீங்கள் அதைத் தெளிவாக எழுதியிருந்ததால்தான் இவ்வளவு சொல்ல முடிகிறது. கழுத்துப்பட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். சில தயாரிப்பாளர்களுக்கு 40 என்றால் 40 அங்குல மார்புக்கு உரியது, வேறு சிலருக்கு ஜாக்கெட்டின் அளவே 40. ஜிப்பைப் போட்டு மேசையில் பரப்பி, ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கம் வரை அளந்து இரட்டியுங்கள். பரவலாக உள்ள வெட்டில் 38, 40, 42 மூன்றும் முறையே 41, 43, 45 அங்குலம் என்று வரும். உங்கள் கடையிலும் அப்படியே வந்தால் கணக்கு எளிது. ஒட்டி நிற்கும் லெதர் ஜாக்கெட்டுக்கு உடம்பின் அளவைவிட மூன்று முதல் நான்கு அங்குலம் கூடுதல் இடம் வேண்டும் என்பது என் கை வழக்கம். இன்றைய 37½ மார்புக்கு 38-இல் 3½ அங்குல இடம் இருக்கிறது. மார்புக்கு அது போதும், ஆனால் முதுகுக்கு இன்றே பத்தவில்லை, நாளைக்கு நிச்சயம் பத்தாது. 40-இல் இன்று 5½ அங்குலம் இருக்கிறது. என் மதிப்பீட்டின் மேல்வரம்பான 39½-ஐ நீங்கள் எட்டினால் 3½ ஆகக் குறைந்து மிகச் சரியாக நிற்கும். 42-இல் இன்று 7½ அங்குலம் மிச்சம். நீங்கள் 39½-ஐ எட்டிய பிறகும் 5½ மிச்சம் இருக்கும். இன்று 40 எவ்வளவு தொளதொளக்கிறதோ, ஓராண்டு முழுவதும் உழைத்த பிறகு 42 அதே அளவு தொளதொளக்கும். அதற்குள் அந்த ஜாக்கெட்டும் ஓராண்டு பழையதாகியிருக்கும். ஓர் எண் ஏறும்போது தோளின் மொத்த அகலமும் ஏறக்குறைய அரை அங்குலம் கூட்டி வெட்டப்படுகிறது. எலும்பு விரியாது என்பதால், 42-இன் தோள் தையல் உங்களுக்கு எப்போதும் தோள்முனையைத் தாண்டிக் கீழே தொங்கும். தோளைப் பிரித்துச் சரிசெய்வது தோலில் ஏறக்குறைய புதிதாகத் தைப்பதற்குச் சமமான வேலை.

40-இல் வயிற்றுப் பக்கத் தொளதொளப்பை என்ன செய்வது என்றால், உடனே பக்கத் தையலைப் பிடித்துச் சிறிதாக்கிவிட வேண்டாம். எடை கூட்டச் சாப்பிடும் காலத்தில் இடுப்பும் ஓர் அங்குலம் ஏறுவது வழக்கம். பிடித்த இடத்தைத் திரும்ப விட்டால் துளை வரிசை வெளியே தெரியும். இடுப்பின் இருபுறமும் பக்கிளோடு கூடிய சிறு பட்டி வைத்த வகையாகப் பாருங்கள். இல்லையென்றால் தோல் வேலை தெரிந்தவரிடம் வைத்துக்கொள்ளலாம். இன்று இழுத்துப் பூட்டி, தேவைப்படும்போது ஒரு துளை தளர்த்திக்கொள்ளலாம்.

பைக் ஓட்டுகிறவர் என்பதால் இன்னொன்று. மலைப்பாதை வளைவுகளில் போகிறீர்கள். முழங்கையிலும் தோளிலும் பாதுகாப்புத் தகடு வைத்த ஜாக்கெட்டாக இருந்தால் நல்லது. அந்தத் தகடுகளின் தரத்துக்கு இ.என். 1621-1 என்ற ஐரோப்பியக் குறியீடு உண்டு, தகட்டிலேயே அச்சிட்டிருக்கும். ஆனால் எவ்வளவு நல்ல தகடும், ஜாக்கெட் பெரிதாக இருந்தால், விழும் நேரத்தில் முழங்கையை விட்டு நழுவிப் பக்கவாட்டில் போய்விடும். 42-ஐ நான் இவ்வளவு அழுத்தி மறுப்பதற்கு அழகைவிட இதுவே பெரிய காரணம். அதேபோல், கடைகளில் அழகுக்காக விற்கும் மெல்லிய நாப்பா (மிருதுவான தோல்) ஜாக்கெட் குளிரைத் தாங்கும். சாலையில் தேய்வதைத் தாங்காது. எதை வாங்குகிறீர்கள் என்பதைத் தெரிந்து வாங்குங்கள்.

அண்ணன் திருமணத்துக்குக் கோட்டும் எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அது துணி; கவலை குறைவு. தோளும் முதுகும் இன்றைக்குச் சரியாக இருக்கும்படி தைக்கச் சொல்லி, முதுகு நடுத் தையலிலும் பக்கத் தையல்களிலும் முக்கால் அங்குலம் மிச்சம் விட்டு வைக்கச் சொல்லுங்கள். பின்னால் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, 40-உம் ஒருநாள் பத்தாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வழி உண்டு. இரண்டு பக்கத் தையலையும் கக்கத்திலிருந்து இடுப்பு வரை பிரித்து, ஓர் அங்குல அகலமுள்ள தோல் பட்டையை இரு புறமும் சேர்த்துத் தைத்தால் சுற்றளவில் இரண்டு அங்குலம் கிடைக்கும். பழைய துளைகள் புதிய தையலுக்குள் மறையும்படி விளிம்பைச் சற்று உள்ளே தள்ளித் தைப்பதால், உண்மையில் கிடைப்பது ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் சிக்கல் நிறம்தான். ஒரு தவணையில் சாயமேற்றிய தோலின் நிறம் அடுத்த தவணையில் அப்படியே வராது; வெயிலில் ஓராண்டு ஓடிய பழுப்புத் தோலுக்குப் பக்கத்தில் புதுப் பழுப்பு தனியாகத் தெரியும். கறுப்புக்கு இந்தச் சிக்கல் மிகக் குறைவு. நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டு நிறமும் கடையில் தொங்குகின்றன. பழுப்புதான் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாலும், உடம்பு இன்னும் நிலைக்கு வராத இந்த ஆண்டில் கறுப்பையே எடுங்கள்.